எமில் கபான்: ராணுவத்தில் ஒரு குருவானவரின் வேலை

கேள்வி இது: கத்தோலிக்கக் குருவானவர் ஒருவர் ராணுவத்தில் சேர்ந்தால் அங்கே அவருக்கு என்ன வேலை? அவரும் சண்டை போடுவாரா? போடமாட்டார் என்றால், கொரியப் போரில் இறந்த அருட்தந்தை எமில் கபானுக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் எதற்காகக் கொடுக்கப்பட்டது? திருச்சபை அவரைப் புனிதர் நிலைக்கு ஆராய்வதும் அதே காரணத்துக்காகவா?

முதல் பாதிக்குப் பதில் எளிது. சண்டை போடமாட்டார், போடவும் கூடாது. இரண்டாவது பாதிதான் விரிவாகச் சொல்ல வேண்டியது. பதக்கத்துக்கான அரசுக் குறிப்பு 1950 நவம்பர் 1, 2 ஆகிய இரண்டு நாட்களைப் பற்றியது. அதற்குப் பிறகு கைதியாக அவர் வாழ்ந்த ஆறரை மாதம் அந்தக் குறிப்பில் இல்லை. கபானைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் அந்த இரண்டு நாளையே பெரிதாக்குகிறார்கள். என்னைக் கேட்டால், அவர் யார் என்பது தெரிவது கைதி முகாமில்தான். அங்கே அவர் செய்தது பெரும்பாலும் துணி துவைப்பது, தண்ணீர் காய்ச்சுவது, பேன் எடுப்பது, சாப்பாடு தேடுவது.

வேலையை முதலில் பார்த்துவிடலாம். ராணுவ ஆன்மகுருவைப் படையில் சாப்ளின் என்பார்கள். சிப்பாய்களுக்கு அவர் வெறும் ‘ஃபாதர்’. அமெரிக்க ராணுவத்தில் அவர் அதிகாரிப் பதவியில் இருப்பார். கேப்டன், மேஜர் என்று பதவி உயர்வும் உண்டு. ஆனால் எந்தப் படைப்பிரிவுக்கும் கட்டளையிடும் அதிகாரம் கிடையாது. ஆயுதம் ஏந்துவதில்லை, அவருக்கு உதவியாளராக வரும் சிப்பாய்தான் துப்பாக்கி வைத்திருப்பார். சம்பளம் அரசு கொடுக்கிறது. ஆனால் அவர் இன்னமும் தன் மறைமாவட்டத்தின் குருதான். அதன் தலைவரான ஆயர் அனுமதித்தால்தான் வரமுடியும், திரும்பி வா என்றால் போகவேண்டும். திருப்பலி (அப்பமும் இரசமும் வைத்து நடத்தும் பூசை), பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது), சாகக்கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதல் ஆகியவை கத்தோலிக்கருக்கு. மற்றபடி பிரிவில் யார் வந்து பேசினாலும் கேட்கவேண்டும். எந்த மதத்தவர், மதமே இல்லாதவர் என்று பிரித்துப் பார்க்க முடியாது. இறந்த சிப்பாயின் வீட்டுக்குக் கடிதம் எழுதுவதும் பெரும்பாலும் அவர் தலையில்தான் விழும்.

1949-இல் கையெழுத்தான ஜெனீவா உடன்படிக்கைகள் ஆன்மகுருக்களை மருத்துவப் பணியாளர்களோடு சேர்த்துப் பாதுகாக்கின்றன. அவர்களைத் தாக்கக்கூடாது. எதிரியின் கையில் சிக்கினாலும் சட்டப்படி அவர்கள் போர்க்கைதிகள் ஆகமாட்டார்கள். மற்றக் கைதிகளுக்குப் பணி செய்யத் தேவைப்படும் அளவுக்கு மட்டும் நிறுத்திவைக்கலாம். ஏட்டில் இருப்பது இது. களத்தில் என்ன நடந்தது என்பதற்குக் கொரியப் போரின் தொடக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1950 ஜூலை 16 அன்று, டேஜான் நகருக்கு வடக்கே, பின்வாங்கிய அமெரிக்கப் படை தூக்கிச் செல்ல முடியாத சுமார் 30 காயம்பட்டவர்களை மலையில் விட்டுச்செல்ல நேர்ந்தது. ஹெர்மன் ஃபெல்ஹோல்ட்டர் என்ற பிரான்சிஸ்கன் சபைக் குரு அவர்களோடு தங்கினார். வந்து சேர்ந்த வடகொரியப் படையினர் காயம்பட்டவர்களையும், அவர்கள் நடுவே செபித்துக்கொண்டிருந்த அவரையும் சுட்டுக்கொன்றார்கள். அதே வாரத்தில்தான், ஜூலை 18 அன்று, கபான் கொரியாவில் பொஹாங் கரையில் இறங்கினார். காயம்பட்டவர்களோடு தங்குகிற குருவுக்கு என்ன நேரலாம் என்பது இந்தப் போரில் யாருக்கும் ஊகமாக இருக்கவில்லை.

கபான் 1916 ஏப்ரல் 20-இல், கன்சாஸ் மாநிலத்தில் பில்சன் என்ற சிற்றூருக்குப் பக்கத்துப் பண்ணையில் பிறந்தார். அன்று பெரிய வியாழன். போஹீமியாவிலிருந்து குடியேறிய செக் மக்கள் வாழ்ந்த ஊர் அது. வீட்டில் செக் மொழியும் புழங்கியது. வசதியில்லாத குடும்பம். பண்ணையில் வளர்ந்த பையனுக்கு எதையும் பழுது பார்க்கவும், இருப்பதை வைத்துச் சமாளிக்கவும் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு மிகவும் தேவைப்படும். மிசூரியில் கன்செப்ஷன் மடத்தின் கல்லூரியிலும் செயின்ட் லூயிஸ் நகரின் கென்ரிக் குருமடத்திலும் படித்தார். 1940 ஜூன் 9-இல் விச்சிட்டா மறைமாவட்டத்துக்காகக் குருப்பட்டம் பெற்றார்.

முதல் பணி சொந்த ஊரான பில்சனிலேயே அமைந்தது. பக்கத்தில் ஹெரிங்டனில் இருந்த ராணுவ விமானத்தளத்துக்கும் போய்த் திருப்பலி நிறைவேற்றினார். அங்கேதான் சிப்பாய்களோடு முதல் பழக்கம். ஊரில் தன்னைச் சின்னப் பையனாகப் பார்த்தவர்களுக்கே பங்குத்தந்தையாக இருப்பது அவருக்குச் சங்கடமாக இருந்தது. படைக்குப் போக அனுமதி கேட்டார். 1944-இல் ஆயர் அனுப்பிவைத்தார்.

1945-இல் அவரை அனுப்பிய இடம் பலருக்கும் வியப்பாக இருக்கும்: இந்தியா-பர்மா போர்முனை. அசாமின் லேடோவிலிருந்து பர்மா வழியாகச் சீனாவுக்குக் காட்டை வெட்டிப் போட்ட லேடோ சாலையை ஒட்டிச் சிதறிக்கிடந்த முகாம்களுக்கு ஜீப்பிலும் விமானத்திலும் போய்வந்தார். 1946 ஜனவரியில் கேப்டன் ஆனார். அதே ஆண்டு ஊர் திரும்பி, போரிலிருந்து வந்தவர்களுக்கான அரசு உதவித்தொகையில் வாஷிங்டனின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் கல்வியியலில் முதுகலை முடித்தார். 1948-இல் டிம்கன் என்ற சிறு பங்கைக் கொடுத்தார்கள். சில மாதங்களில் மறுபடியும் படைக்கே போகவேண்டும் என்று கேட்டு, அதே ஆண்டு சேர்ந்தும்விட்டார். அமைதிக் காலத்தில் கேட்டு வாங்கிய வேலை அது. போர் ஆர்வம் அதற்குக் காரணமாக இருந்திருக்க முடியாது. பங்கில் குருக்கள் கிடைப்பார்கள், முகாம்களில் பற்றாக்குறை என்ற கணக்குத்தான் அவரை அங்கே இழுத்தது என்பது என் எண்ணம்.

1950 தொடக்கத்தில் ஜப்பானில் 8-ஆவது குதிரைப்படை ரெஜிமென்டில் சேர்ந்தார். பெயர்தான் குதிரைப்படை, அப்போது அது காலாட்படை. ஜூலையில் கொரியா. அங்கே அவர் வேலை செய்த விதத்துக்கு ஒரு புகைப்படம் இருக்கிறது, 1950 அக்டோபர் 7-இல் எடுத்தது. ஜீப்பின் முன்மூடிதான் பீடம். அதன்மேல் துணி விரித்து, திருப்பலிக்கான பொருள்களை வைத்திருக்கிறார். முழு உடுப்பணிந்து கைகளை உயர்த்தி நிற்கிறார். கீழே மண்ணில் ஒரு சிப்பாய் முழந்தாளிட்டிருக்கிறார். அந்தக் காலத்துத் திருப்பலி முழுக்க லத்தீனில். குண்டுச் சத்தம் எட்டும் தூரத்தில் அதை ஒரு வரி விடாமல் சொல்லி முடிப்பார்கள். ஜீப்பும் திருப்பலிப் பெட்டியும் சண்டையில் பறிபோன நாட்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பிரிவாகப் போனார். அவருக்குப் புகைக்குழாய்ப் பழக்கம் உண்டு. ஒருமுறை எதிரியின் குண்டு அந்தக் குழாயையே வாயிலிருந்து பறித்துக்கொண்டு போனது. ஆகஸ்டில் கும்சோன் அருகே, முன்னால் சிக்கிக்கிடந்த காயம்பட்டவர் ஒருவரைத் தேடிப்போய் மீட்டதற்காக அவருக்கு வெண்கல நட்சத்திரப் பதக்கம் கிடைத்தது.

நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாள். ரெஜிமென்டின் 3-ஆவது பட்டாலியன் வடகொரியாவில் உன்சான் என்ற ஊருக்கு அருகே இருந்தது. போர் முடியப்போகிறது, கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருக்கலாம் என்ற பேச்சு அடிபட்ட நேரம். கபான் திருநாள் திருப்பலி நிறைவேற்றினார். அன்றிரவே சீனப் படை சூழ்ந்துகொண்டது. அமெரிக்கத் தலைமை நம்ப மறுத்த எண்ணிக்கையில் அவர்கள் ஏற்கெனவே சீன எல்லையான யாலு ஆற்றைக் கடந்து வந்திருந்தார்கள். சுடுதூரத்துக்குள் ஓடி ஓடிக் காயம்பட்டவர்களை இழுத்துவந்தார் கபான். வளையம் இறுகியபோது, நடக்கக்கூடியவர்கள் தப்பிக்கலாம் என்று உத்தரவு வந்தது. அவருக்குக் காயம் எதுவும் இல்லை. தப்பிக்க வாய்ப்பும் இருந்தது, ஒன்றுக்கு மேற்பட்ட முறை. போகவில்லை. பட்டாலியன் மருத்துவர் கிளாரன்ஸ் ஆண்டர்சனும் அவரோடு தங்கினார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பல இடங்களில் அவர் பெயர் விடுபட்டுப்போகிறது.

காயம்பட்டவர்களில் சீன அதிகாரி ஒருவரும் இருந்தார். வெளியே இருந்த தன் படையினரிடம் பேசும்படி கபான் அவரைச் சம்மதிக்க வைத்தார். பதுங்குகுழியில் இருந்தவர்கள் கொல்லப்படாமல் சரணடைய அது வழிசெய்தது. பிறகு நடந்ததுதான் அதிகம் சொல்லப்படுவது. ஹெர்பர்ட் மில்லர் என்ற சார்ஜென்ட் கணுக்கால் நொறுங்கிச் சாலையோரப் பள்ளத்தில் கிடந்தார். ஒரு சீனச் சிப்பாய் அவர் தலைக்கு நேரே துப்பாக்கியை நீட்டி நின்றார். கைதியாகியிருந்த கபான் நேரே நடந்துபோய், துப்பாக்கியைக் கையால் ஒதுக்கிவிட்டு, மில்லரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அந்தச் சிப்பாய் ஏன் சுடவில்லை என்று மில்லருக்குக் கடைசிவரை புரியவில்லை. வடக்கே நடந்த நெடும்பயணத்தில் கபான் அவரைச் சுமந்தும் தாங்கிப்பிடித்தும் கூட்டிச்சென்றார். நடக்க முடியாமல் பின்தங்கியவர்கள் சுடப்பட்ட பயணம் அது. மில்லர் பிழைத்து ஊர் திரும்பினார். 2013-இல் பதக்கம் வழங்கப்பட்டபோது வெள்ளை மாளிகையில் இருந்தார்.

பதக்கத்தின் கதை இங்கே முடிகிறது. கபானின் கதை தொடர்கிறது.

கைதிகளைக் கடைசியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது யாலு ஆற்றங்கரையில் பியோக்டோங் என்ற ஊரில் இருந்த 5-ஆம் எண் முகாம். 1950-51 குளிர்காலத்தில் அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். குளிருக்கேற்ற துணி இல்லை, ஒருநாளைக்குக் கொஞ்சம் தினையோ உடைத்த சோளமோ கிடைத்தால் உண்டு, வயிற்றுக்கடுப்பு, நிமோனியா. இவை போதாதென்று இன்னொன்றும் இருந்தது: இளம் சிப்பாய்கள் பலர் இனி முடியாது என்று முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டு, சாப்பிட மறுத்து, ஓரிரு நாளில் இறந்துபோனார்கள்.

இந்த இடத்தில் குரு என்ன செய்வார்? திருப்பலிக்கு அப்பமும் இரசமும் கிடையாது. வழிபாட்டுக்குத் தடை. கபான் செய்தவற்றை உயிரோடு திரும்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இடிந்த கட்டடங்களின் கூரைத்தகரத்தை எடுத்துக் கல்லால் தட்டித் தட்டிப் பாத்திரம் செய்தார். அதில் பனியை உருக்கி, விடியுமுன் எழுந்து தண்ணீர் காய்ச்சிக் குடிசை குடிசையாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். அழுக்குத் தண்ணீரால் வயிற்றுக்கடுப்பு பரவிய இடத்தில் காய்ச்சிய தண்ணீர்தான் மருந்து. வயிற்றுக்கடுப்பில் எழமுடியாமல் கிடந்தவர்களின் மலம் தோய்ந்த துணிகளை வாங்கிப்போய், உறையும் தண்ணீரில் துவைத்துத் திரும்பக் கொண்டுவந்தார். கை தூக்கமுடியாதவர்களின் தலையிலும் உடம்பிலும் பேன் எடுத்தார். பேன் மொய்த்தவர் சீக்கிரம் சாவார் என்பது முகாமில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. செத்தவர்களைப் புதைக்கும் வேலைக்கு ஆள் கேட்டால் போய் நின்றார். மண் கல்லாக இறுகிக் கிடந்ததால் குழி தோண்டுவதே பெரும் பாடு.

திருடவும் செய்தார். இரவில் காவலரைத் தாண்டிப்போய், சேமிப்புக் குடில்களிலிருந்தும் வயல்களிலிருந்தும் சோளம், உருளைக்கிழங்கு, உப்பு என்று கிடைத்ததை எடுத்துவந்தார். போகும்முன் சிலுவையில் இயேசுவோடு தொங்கிய நல்ல கள்வரான புனித டிஸ்மாஸை நோக்கி வேண்டிக்கொள்வாராம். கொண்டுவந்ததைப் பங்குபோட வைத்துவிடுவார், தனக்கென்று மறைத்துவைத்தது கிடையாது. பட்டினியில் ஆளுக்கு ஆள் பதுக்கிக்கொண்டிருந்த குடிசைகளில் இதைப் பார்த்த பிறகு மற்றவர்களும் பங்கிடத் தொடங்கினார்கள். ஒழுக்கம் பேசி அதைச் சாதித்திருக்க முடியாது.

அதிகாரிகளையும் சாதாரணச் சிப்பாய்களையும் தனித்தனியே வைத்திருந்தார்கள். சிப்பாய்கள் பக்கம்தான் சாவு அதிகம். கபான் வேலியைத் தாண்டி அங்கே போவார். ஒரு நிமிடம் செபம், ஓரிரு வார்த்தை, அடுத்த குடிசை. அரசியல் பாடம் நடத்திய சீன அதிகாரிகளுக்கு அவர் தொல்லையாக இருந்தார். சத்தம் போடாமல், மரியாதையாக, ஒவ்வொன்றுக்கும் மறுப்புச் சொல்வார்.

1951 மார்ச் 25, உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்). விடியற்காலையில், எரிந்துபோன ஒரு கோவிலின் இடிபாட்டில் தடையை மீறி வழிபாடு நடத்தினார். திருப்பலி முடியாது, யாரோ மறைத்துவைத்திருந்த செபப்புத்தகத்திலிருந்து இயேசுவின் பாடுகளின் வாசகத்தைப் படித்தார், ஜெபமாலை சொன்னார், ‘பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே’ என்ற செபத்தைப் பாட வைத்தார். கத்தோலிக்கர், புரொட்டஸ்டன்ட், யூதர், எதிலும் நம்பிக்கையில்லாதவர் என எல்லாரும் நின்றார்கள்.

அதற்குள் அவர் உடம்பு ஒடுங்கியிருந்தது. காலில் ரத்தக்கட்டி, பிறகு நிமோனியா. கைதிகளில் இருந்த மருத்துவர்கள் எதுவும் இல்லாமலேயே அவரைத் தேற்றிவிட்டார்கள், கொஞ்சம் எழுந்தும்விட்டார். அப்போதுதான் முகாம் நிர்வாகம் அவரை ‘மருத்துவமனைக்கு’ எடுத்துச்செல்ல ஆள் அனுப்பியது. உணவோ மருந்தோ இல்லாமல் ஆட்களைப் போட்டுவைத்த இடம் அது; அங்கிருந்து திரும்பியவர் அரிது. கைதிகள் மறித்துச் சண்டைபோட்டார்கள். கபானே அவர்களை அமைதிப்படுத்தினார். தான் எப்போதும் போக விரும்பிய இடத்துக்கே போவதாகவும், அங்கே போய் அவர்களுக்காக வேண்டிக்கொள்வதாகவும் சொன்னதாக நண்பர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1951 மே 23-இல் இறந்தார். வயது 35.

இந்த வாழ்க்கையின் தாக்கத்துக்கு நான் முதலில் காட்டும் சான்று ஒரு மரச்சிலுவை. ஜெரால்ட் ஃபிங்க் என்ற யூத விமானி, கபான் இறந்த பிறகுதான் அந்த முகாமுக்கு வந்தார். அவரைப் பார்த்ததே இல்லை. மற்றக் கைதிகள் பேசியதைக் கேட்டு, விறகுக் கட்டையில் பாடுபட்ட சுரூபத்தை, அதாவது இயேசு தொங்கும் சிலுவையை, செதுக்கினார். 1953-இல் விடுதலையானவர்கள் அதை எடுத்துக்கொண்டுதான் வெளியே வந்தார்கள். கபானின் பெயரைத் தாங்கிய விச்சிட்டா பள்ளியில் அது இன்றும் இருக்கிறது.

இதைச் சொல்லிவிட்டு மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. குரு சீருடை அணிவது சரியா என்ற கேள்வியைக் கிளப்பியவர்களில் ராணுவ ஆன்மகுருக்களும் உண்டு. ஹிரோஷிமா மீதும் நாகசாகி மீதும் அணுகுண்டு போட்ட விமானப்படைப் பிரிவுக்கு டினியன் தீவில் ஆன்மகுருவாக இருந்த ஜார்ஜ் ஸபெல்கா, பொதுமக்களைக் குண்டுவீசிக் கொல்வதை அப்போது எதிர்த்துப் பேசாமல் இருந்ததற்காகப் பிற்காலத்தில் வெளிப்படையாக வருந்தி, போர் எதிர்ப்பாளர் ஆனார். வியட்நாமில் இருபதுக்கும் மேற்பட்ட காயம்பட்டவர்களைத் தூக்கிவந்து இதே உயர்ந்த பதக்கத்தைப் பெற்ற ஆஞ்சலோ லிட்டேக்கி, குருத்துவத்தை விட்ட பிறகு, அமெரிக்காவின் மத்திய அமெரிக்கக் கொள்கையைக் கண்டித்து 1986-இல் அந்தப் பதக்கத்தைத் துறந்தார். இவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. சம்பளம் கொடுக்கும் படையைப் பார்த்து ‘இது பாவம்’ என்று சொல்லும் துணிவு அந்தப் பதவியில் கடினம். ஆனால் பள்ளத்தில் கால் நொறுங்கிக் கிடக்கிறவனுக்கு அந்த நேரத்தில் ஒரு குரு வேண்டும் என்பதும் உண்மை. அவர் அங்கே இருக்கவேண்டுமானால் படையோடு போயிருக்கவேண்டும். நான் இரண்டாவது பக்கம் நிற்கிறேன், முதல் கேள்வியை ஒதுக்காமல்.

இனி அங்கீகாரம். 1951-இலேயே ராணுவம் அவருக்குச் சிறப்புச் சேவைச் சிலுவையை அறிவித்தது. அதை உயர்த்தக் கோரி, உடனிருந்த கைதிகள் பல பத்தாண்டு போராடினார்கள். காலக்கெடு கடந்துவிட்டதால் அமெரிக்கக் காங்கிரஸ் தனி விலக்கு அளிக்கவேண்டியிருந்தது. 2013 ஏப்ரல் 11-இல் அதிபர் ஒபாமா பதக்கத்தைக் கபானின் தம்பி மகனிடம் கொடுத்தார். உடல் எங்கே என்பது அதுவரை தெரியாது. போருக்குப் பின் வடகொரியா ஒப்படைத்த உடல்களில், அடையாளம் தெரியாதவர்களோடு ஹவாயில் அவர் புதைக்கப்பட்டிருந்தார் என்பது 2021 மார்ச்சில் உறுதியானது. அதே ஆண்டு செப்டம்பர் 29-இல் விச்சிட்டா பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

திருச்சபையில் 1993-இல் அவர் ‘இறை ஊழியர்’ ஆனார், புனிதர் பட்டத்துக்கான பாதையில் அது முதல் படி. மறைமாவட்ட விசாரணை 2008-இல் தொடங்கியது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. மறைசாட்சி (விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர்) என்று அறிவிக்க, விசுவாசத்தின் மீதுள்ள வெறுப்பால்தான் கொன்றார்கள் என்று நிறுவவேண்டும். முகாமில் பட்டினியாலும் நோயாலும் எல்லா நம்பிக்கையினரும் செத்துக்கொண்டிருந்தபோது அதை நிறுவுவது கடினம். 2017 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் இன்னொரு வழியைத் திறந்தார்: அன்பின் பொருட்டு, விரைவில் சாவு நிச்சயம் என்று தெரிந்தும் தன் உயிரை மனமுவந்து கையளித்து, அதன் விளைவாகவே இறந்தவர்களுக்கான வழி. 2025 பிப்ரவரியில், நோயுற்று மருத்துவமனையில் இருந்த அதே திருத்தந்தை, இந்த வழியிலேயே கபானை ‘வணக்கத்துக்குரியவர்’ என அறிவிக்க அனுமதி கொடுத்தார்.

ஆகவே கேள்வியின் கடைசிப் பகுதிக்கு என் பதில்: பதக்கம் துப்பாக்கியை ஒதுக்கிய கையைப் பார்த்தது, திருச்சபை அதோடு துணி துவைத்த மாதங்களையும் சேர்த்துப் பார்க்கிறது. அடுத்த படி ‘அருளாளர்’ பட்டம். உயிர்க்கையளிப்பு வழியில் வருபவருக்கு, மறைசாட்சிக்குக் கிடைக்கும் விலக்கு கிடையாது. அவரது பரிந்துரையால் இறப்புக்குப் பின் ஒரு புதுமை (அற்புதம்) நடந்ததாக உரோமை ஏற்கவேண்டும். கன்சாஸில் மருத்துவர்கள் கைவிட்ட நிலையில் குணமானதாகச் சொல்லப்படும் நிகழ்வுகள் ஆய்வுக்கு வந்திருக்கின்றன. அதில் ஒன்று மருத்துவக் குழுவையும் இறையியல் குழுவையும் தாண்டினால்தான் விவகாரம் நகரும்.